தூண் சாய்ந்தே இருக்கட்டும்

ஹம்ஸினி அப்பாவுக்கு,

ரசமும் பீன்ஸ் கறியும் அடுப்பு மேடையில் இருக்கின்றன. சாதம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பல் ஏரியாவிலிருந்து உங்கள் அக்கா வருகிறார் என்பதற்காக என் ரயில்வே ஸ்டேஷன் மாடலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து நகர்த்தக் கூடாது. பக்கத்தில் தட்டு வைக்க இடமிருக்கிறது.

‘கொட்டகைத் தூண் கோணலா இருந்துது, நிமிர்த்தி ஒட்டிட்டேன்’ என்று நேற்று பெருமையாகச் சொன்னீர்கள். அசல் ஸ்டேஷனிலேயே அது சாய்ந்துதான் நிற்கிறது. சாய்வை அளந்து நான் போட்டிருந்த பென்சில் குறியையும் அழித்துவிட்டீர்கள். அதனால் மறுபடி அளக்க பீதர் பாசஞ்சரில் போகிறேன். வந்ததும் பிய்த்துச் சாய்த்து ஒட்டுவேன்.

வேதா

இன்னொன்று. அக்கா கேட்டால், நீங்கள் வழக்கமாகச் சொல்வதுபோல் நான் கோயிலுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். தூண் அளக்கப் போயிருக்கிறேன் என்றே சொல்லுங்கள்.