ரேவதி வரைந்த மூடி

ஜூலை 9, புதன்
விடாத மழை. ஏலப்பாறைக்கு மேலே மலையே தெரியவில்லை. தேயிலை பாக்டரியில் ரோலர் மெஷினுக்கு பெல்ட் மாற்றினேன். நாலு மணி பஸ்ஸில் கோயம்புத்தூரிலிருந்து ரேவதி. ஒரு பை துணி, ஒரு பெட்டி நிறைய பிளாஸ்க்.

மகளுக்கு என்ன வேலை என்று கேட்டால் இன்னும் திணறுகிறேன். வீட்டுச் சாமான்களுக்கு உருவம் போடுகிறவள். முதலில் சோப்பு டப்பா. அப்புறம் குப்பை அள்ளும் முறம். அதை டவுன் கடையில் தொங்கவிட்டிருந்தார்கள். "இது என் மக செஞ்சது" என்றேன். கடைக்காரர், "பிளாஸ்டிக் கம்பெனியில கூலி வேலையா அண்ணாச்சி?" ஆமாம் என்று சொல்லி ஒன்று வாங்கி வந்தேன். விளக்க எனக்கே தெரியாதே. பத்தாவது பெயில்.

இந்த பிளாஸ்க்தான் அவள் தனிப் பொறுப்பில் செய்யும் முதல் சாமான். திங்கட்கிழமை அச்சு வெட்டக் கொடுக்கிறார்கள். இரும்பு அச்சு. வெட்டினால் வெட்டியதுதான்.

ஜூலை 10, வியாழன்
தூறல். அவள் நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக மூடி. எண்ணிப் பார்த்தேன், அறுபத்தேழு. எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது.

"முப்பத்தொண்ணாவது மூடில விரல் வழுக்கும்பா. முப்பத்திரண்டாவதுல வழுக்காது."

தலை சுற்றியது. மூடி என்றால் மூடி என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரு பிளாஸ்கில் தண்ணீர் ஊற்றி, இறுக்கி, தலைகீழாகப் பிடித்தேன். சொட்டு இல்லை. பெரிய இன்ஸ்பெக்டர் மாதிரி "பாஸ்" என்றேன்.

"நீங்க பாஸ் பண்ணா போதாது. அம்மா பண்ணணும்."

ஜூலை 11, வெள்ளி
லீவு. மகளுக்குப் பை தூக்கும் உத்தியோகம். கொழுந்து எடுக்கிற பெண்கள் பத்து மணிச் சாயாவுக்கு ரோட்டோரம் இறங்கினார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பிளாஸ்க், உள்ளே பால் விடாத கட்டன் சாயா. எல்லாருக்கும் ஈரக் கை, விரலெல்லாம் கறை. ரேவதி ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தாள். தீபாராதனை பார்க்கிற மாதிரி.

என் வீட்டுக்காரி முத்துலட்சுமியும் அந்தக் கூட்டத்தில். "தொறக்க ரொம்ப லேசா இருக்கு ரேவு. அப்படியே அச்சுப் போடு."

"யாரும்மா தொறந்தது?"

"நாந்தான்."

"மாரியக்கா தொறந்து குடுத்ததப் பார்த்தேன்."

பக்கத்து வீட்டு மாரி சிரித்தாள். "ஏட்டி முத்து, அப்பமே சொன்னேம்லா. இவ கண்ணு போலீஸ் கண்ணு."

ரேவதி வேறொன்றை இறுக்கி மூடி அம்மா கையில் கொடுத்தாள். முத்துவுக்குக் கட்டைவிரல் மடங்கவில்லை. உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். மூடி அசையவில்லை.

"குளிரு. அதான்" என்றாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 12, சனி
காலை. ரேவதி அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தாள். உப்பு, மல்லி, ஊறுகாய்.

"இவ்வளவு இறுக்கமா யாருப்பா மூடுனது?"

பெருமையாகச் சொன்னேன். நான்தான். மெஷின் முடுக்குகிற பிட்டர் கை. உங்கம்மா மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போவாள், எறும்பு ஏறும். தினமும் வேலைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுத்தான் போவேன். திட்டிக்கொண்டேதான்.

ரேவதி அம்மாவிடம் திரும்பினாள். "அப்பா போன பெறவு என்னம்மா செய்வே?"

"மாரி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன். அப்படியே நாலு வார்த்தை பேசிட்டும் வரலாம்லா."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். ஆறேழு இருக்குமாம். என்னிடம் சொல்லியிருக்கலாமே.

"சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்க. சர்வீஸ் முடிய இன்னும் மூணு வருசம் கெடக்கு."

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். ரேவதி மூன்று நாளில் பார்த்துவிட்டாள். என்ன கண்ணோ! இதையெல்லாம் எங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஜூலை 13, ஞாயிறு
போனுக்கு ரேஞ்சு பள்ளிக்கூட வளைவில்தான். ரேவதி மேனேஜருக்குப் போன் போட்டாள். நான் குடை பிடித்தேன்.

"மூடி தப்பு சார். என் தப்பு. எங்கம்மாவால தொறக்க முடியல. நாளைக்கு அச்சு வெட்ட வேண்டாம்."

அவர் சத்தம் குடைக்கு வெளியிலும் கேட்டது. உங்க அம்மா ஒருத்திக்காகவா? வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன், தெரியும்ல?

"எங்கம்மா சொன்னது பொய்னு கண்டுபிடிச்சிட்டேன் சார். முன்னாடி டெஸ்ட் பண்ண வீடுகள்ல எத்தனை பேரு நம்ம மனசு நோகக் கூடாதுன்னு லேசா இருக்குன்னு சொன்னாங்களோ."

போனைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பெல்ட் அளவு தப்பு என்று என் சூப்பர்வைசரிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. இது யார் வயிற்றுப் பிள்ளை?

மதிய பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். சாப்பாடு பாதி அப்படியே.

ஜூலை 15, செவ்வாய்
வெயில், அதிசயமாக. ரேவதி போன். அச்சு நிறுத்தம். பிளாஸ்க் வேலை அவள் கையிலேயே. ஆனால் மாதக் கடைசிக்குள் புது மூடி வேண்டும்.

"அம்மா கை அளவு வேணும்பா. உள்ளங்கை அகலம், கட்டைவிரல் எவ்வளவு தூரம் விரியுதுன்னு. துல்லியமா."

பாக்டரியில் மில்லிக்கணக்கில் அளக்கிற வெர்னியரைக் கேட்டு வாங்கி வந்தேன்.

"நல்ல நாள்லயே கையப் பிடிக்காத மனுசன்" என்றாள் முத்து. பிறகு, "இரும்பு சில்லுனு இருக்கு."

சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி மறுபடி அளந்தேன். அகலம் எண்பத்திரண்டு மில்லி. கட்டைவிரல் நான் நினைத்ததில் பாதிகூட விரியவில்லை.

"வலிக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. ரேவதிக்கு அனுப்பணும்."

முத்து விரலை நீவிக்கொண்டாள்.

"வலிக்கு."

எழுதிக்கொண்டேன்.