கறியில்லாத பக்கம்

முதுநகர்
16-1-2006

அன்பு மருமகள் தாஹிராவுக்கு, கவுஸ் மைதீன் மாமா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இப்போது நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று மனப்பூர்வமாக உறுதி கூறிவிட்டே தொடங்குகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானிக் கறியைத் தொடாமல் ரசம் சோறு தின்றுவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாய் அல்லவா? நீ போன சற்று நேரத்தில் முதுநகர் ஆடுகள் எல்லாம் ரயில்வே ஜங்ஷனில் கூடி உன் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டன. விழுப்புரம் பாசஞ்சர் அதனால்தான் லேட்டு. பாதி ஜில்லாவுக்குக் கல்யாண பிரியாணி ஆக்குகிறவன் நான். என் கரண்டி மானம் தாங்காமல் கிணற்றில் குதித்துவிட்டது. பாதாளக் கரண்டி போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உன் உம்மா, என் லாத்தா, மட்டும் சிரிக்கவில்லை. ஹாஸ்டலில் யாரோ உன்னை மாற்றிவிட்டார்கள், நாளைக்குத் தொழுகையையும் விட்டுவிடுவாய் என்று அக்கா அழுகிறாள். போனில் பேசலாமென்றால் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பரங்கிப்பேட்டையிலிருந்து ஹாஜரா மாமி வருகிறார்கள், தன் மகன் ஜக்கரியாவுக்கு உன்னைப் பேசி முடிக்க. அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே சஹனில் சாப்பிடுகிறவர்கள். ஒரே பெரிய தாம்பாளம், நெய்ச்சோறு, மேலே கறி. நீ கையை இழுத்துக்கொண்டால், அவர்கள் கைபட்டதை அருவருக்கிறாய் என்றுதான் நினைப்பார்கள்.

காரணம் என்னம்மா? எனக்கு மட்டும் சொல்.

துஆவுடன்,
கவுஸ் மாமா


சிதம்பரம்
20-1-2006

அன்புள்ள மாமாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதத்தை அறைத்தோழி வெண்மதிக்கு வாசித்துக் காட்டினேன். கரண்டிக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்கச் சொன்னாள்.

என்னை யாரும் மாற்றவில்லை மாமா. ஹாஸ்டலில் சேர்த்த அன்று உம்மாதான், அறுத்தது யாரென்று தெரியாத கறியைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மெஸ்ஸில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றே சைவ மெஸ்ஸில் பெயர் கொடுத்தேன். முதல் வருஷம் கனவில்கூட உங்கள் பிரியாணி வந்தது. மூன்றாம் வருஷம் இந்தப் பெருநாளுக்கு வந்தபோது கறி வாசனை பிடிக்காமல் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கே புரியவில்லை. தீனுக்காக விட்ட ஒன்று மார்க்கத்துக்கே எதிராகிவிட்டதா?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். குற்றம் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டாவது சாப்பிடுகிறேன்.

ஜக்கரியாவை எனக்குப் பிடித்திருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது, மேலே படிப்பாயா என்று கேட்டது அவர் ஒருவர்தான். அதனால் கதை கட்டும் உங்கள் கைவண்ணம் ஏதும் வேண்டாம் மாமா.

அன்புடன்,
தாஹிரா


முதுநகர்
25-1-2006

என் கண்ணே தாஹிரா, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ரத்திடம் கேட்டேன். "சாப்பிடணும்னு கட்டாயமில்ல. ஆனா அல்லாஹ் ஹலாலாக்குனத ஹராம்னு சொல்லிடக் கூடாது" என்றார். ஒரு முஸ்லிம் ஆயுள் முழுக்கக் கறி தின்னாமல் இருக்கலாமா என்றேன். இருக்கலாம் என்றார். குர்பானி? முடிந்தவர் கொடுக்கட்டும், ஏழைக்குப் போகட்டும், தான் தின்றே ஆகவேண்டும் என்று இல்லை என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "எல்லாஞ் சரி. பிரியாணி மாஸ்டர் எதுக்கு இத வந்து கேக்கறீங்கன்னுதான் புரியல."

தெளிவாகத்தான் வெளியே வந்தேன். டீக்கடை கலியமூர்த்தி குழப்பிவிட்டான். "புரட்டாசி மாசம் தாங்குறதுக்கே எங்க வூட்ல சண்ட நடக்குது. உங்க ஆளுங்களுக்கு வருஷம் பூரா புரட்டாசின்னா எப்படி பாய்?" என்கிறான். கடையிலிருந்த பெரியவர் ஒருவர், கறி தின்னாதவன் பின்னால் நின்று தொழலாமா என்று தொடங்கினார். வீடு வந்து சேர்ந்தபோது, நான் தின்பது சரியா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் தீர இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நடுவில் ஒரு சின்ன சங்கதி. ஹாஜரா மாமிக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். போன் செய்தார்கள். வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. நீ யூனானி வைத்தியம் பார்க்கிறாய், ஹகீம் கறியைத் தள்ளச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். இப்போது என்ன நோய் என்று கேட்கிறார்கள். நல்ல நோயாக ஒன்று சொல்லேன்.

கெஞ்சலுடன்,
மாமா


சிதம்பரம்
29-1-2006

மாமாவுக்கு, ஸலாம்.

ஹஜ்ரத்தின் பதிலை வாசித்து நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தேன். அடுத்த பத்தியில் என்னை நோயாளி ஆக்கிவிட்டீர்கள்.

எனக்கு ஒரு நோயும் இல்லை. கறி கூடாது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நானே ஆக்கிப் போடுவேன், பரிமாறுவேன். என் வாய்க்குள் போகாது, அவ்வளவுதான். ஆனால் சஹனில் அடுத்தவர் கை போகிற இடத்தில் என் கை எங்கே போகும் என்று எனக்கும் தெரியவில்லை. அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை பிராக்டிகல் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது. மாமியிடம் உண்மையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நானே உம்மாவிடம் சொல்லிவிடுவேன். பிடித்த வீட்டுக்குப் பொய்யோடு போவதைவிடப் போகாமலே இருந்துவிடலாம்.

தாஹிரா


முதுநகர்
6-2-2006

கோபக்காரி மருமகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று ஹாஜரா மாமி ஒரு கப்பற்படையோடு வந்து இறங்கினார்கள். வாசலில் பீரங்கிகள் முழங்கின. பயத்தில் நெய்ச்சோறு தானாகவே தம்முக்கு வந்துவிட்டது.

பெண்கள் திரைக்கு உள்ளே சஹனில் உட்கார்ந்தார்கள். நான் கறிச் சட்டியோடு திரைக்கு இந்தப் பக்கம் நின்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கலப்படமில்லாத உண்மையைச் சொன்னேன். ஹகீமும் இல்லை, நோயும் இல்லை. அறுத்தது யாரென்று தெரியாத கறி வேண்டாம் என்று சைவ மெஸ்ஸில் சேர்ந்த பிள்ளை, அப்படியே பழகிவிட்டாள் என்றேன்.

அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு மாமி சிரித்தார்கள். "கவுஸ் காக்கா, நீங்க விட்ட கதையிலேயே இதுதான் பெருசு. புள்ளைக்கு நோவு இருந்தா இருக்கட்டும், நாங்க பாத்துக்குவோம். மறைக்காதீங்க."

பார்த்தாயா என் நிலைமையை? நோயாளி மருமகளை ஏற்றுக்கொள்ளத் தயார். கறி தின்னாத ஆரோக்கியசாலி ஒருத்தி இருப்பாள் என்று நம்பத்தான் ஆள் இல்லை. மறுபடியும் ஹகீமையே கூப்பிட்டுவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

அப்போது லாத்தா பேசினாள். "அவன் சொல்றது நெசம். நாந்தான் சொல்லி அனுப்புனேன். எம்புள்ள எம்பேச்சக் கேட்டிருக்கா. நாந்தான் மறந்துட்டு, யாரு கெடுத்தான்னு ஊரெல்லாம் தேடுறேன்."

நான் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். கை சுட்டதுகூடத் தெரியவில்லை.

மாமி நம்பினார்களா, நோய் என்றே நினைத்து இரங்கினார்களா? மாமி நம்பிவிட்டார்கள் என்கிறாள் லாத்தா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ செய்வது சரியா என்று கேட்டால் அதுவும் விளங்கவில்லை. கலியமூர்த்திக்கும் விளங்கவில்லை. ஊரே விளங்காமல் இருக்கிறது.

கப்பற்படை பொய். ஒரு ஆட்டோவில்தான் வந்தார்கள். பீரங்கியும் பொய். ஆனால் திரைக்கடியில் சஹனும், லாத்தா கையும் மாமி கையும் மட்டும் தெரிந்தன. ஹாஜரா மாமி வெள்ளைச் சோற்றின் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்து, கறியைத் தன் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "இப்படி வச்சா அவ சாப்புடுவாளா?" என்று கேட்டார்கள். இது மட்டும் நிஜம்.

மாமா