கால்வாய் மதகு

3 அக்டோபர் 2068, காலை
காயல் நிலையம், ஆறு காயலில் சேரும் இடத்துத் திட்டு. பதிபவர்: ஜெசிந்தா, நீர் ஆய்வாளர்.
மாதிரி எடுத்தாயிற்று. ஈயம், பாதரசம் இரண்டும் வரம்புக்குள். ஒரு தலைமுறையாகச் செத்துக் கிடந்த காயலில் மடவை மீன் குஞ்சுகள் தென்படுகின்றன. கரையிலிருக்கும் கணவர் அமலதாசுக்கு ரேடியோவில் சொன்னேன்.
"நெசமாவா? அப்ப இந்த வருசமே வலை எறக்கலாம்லா?"
அடுத்த வருடம் என்றேன். சிரித்தார்.

5 அக்டோபர், காலை
ஓயாத மழை. மேற்கே, மூடிக்கிடக்கும் ஆலைகளின் கழிவுக் குட்டை உடைந்துவிட்டது. ஆறு கருஞ்சிவப்பாக வருகிறது. என் படகை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.
இங்கே ஆறு இரண்டாகப் பிரியும். ஒன்று காயலுக்கு, மற்றது கால்வாய் வழியே ஊர்க் குளத்துக்கு. ஊரே குடிப்பது அந்தக் குளத்து நீரைத்தான். கால்வாய் மதகை மூடினால் மொத்த விஷமும் காயலுக்கு வரும், என்னைச் சுற்றி.
மதகின் மோட்டார் ஓடவில்லை. கையால் சுற்றி மூடிவிட்டேன்.

மதியம்
மீன்கள் வாயைப் பிளந்தபடி மேலே வருகின்றன. அள்ளி அள்ளி நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். எத்தனையைப் போடுவது?
அழுகிய முட்டை நாற்றம். கழிவிலிருந்து கிளம்பும் வாயு. முகமூடி ஒன்றுதான் இருக்கிறது.
மீட்புப் படை: "இந்தக் காத்துல ஹெலிகாப்டர் எறங்காது மேடம். நாளைக்குப் பாக்குறோம்."
அமலதாஸ்: "நாளைக்கா? நான் வாரேன்."
வராதீங்க என்று கத்தினேன்.
"ஊருக்காவ நீ அங்க நிக்கலாம், ஒனக்காவ நான் வரக் கூடாதா?"
ரேடியோவை வைத்துவிட்டார்.

மாலை
நாற்றம் தெரியவில்லை. காற்று சுத்தமாகவில்லை, மூக்கு மரத்துவிட்டது.
அமலதாஸின் படகு வந்து நிலையத் தூணில் மோதியது. முகத்தில் ஈரத் துண்டு. அப்படியே சரிந்து கிடந்தார். அவரை இழுத்து மேலே போடுவதற்குள் படகு போய்விட்டது.
என் முகமூடியை அவருக்கு மாட்டினேன். கண் திறந்து, "கொளம்?" என்றார். நல்லா இருக்கு என்றேன். முகமூடியைக் கழற்றி என் முகத்தில் வைத்தார். நான் மறுபடி அவருக்கே மாட்டினேன். அதற்குப் பிறகு அவர் கையில் பலமில்லை.

6 அக்டோபர்
அவருக்கு மூச்சு இல்லை. கை இன்னும் சூடாக இருக்கிறது. அல்லது அது என் கையா.
வருகிறவர்களுக்கு. மதகைத் திறக்காதீர்கள். நண்டு, மீன் எதையும் தொடாதீர்கள். எங்களை இந்த மண்ணில் புதைக்க வேண்டாம். ஊருக்குக் கொண்டுபோங்கள், ஒன்றாக. முதலில் உடம்பைக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரை மட்டும் குளத்துப் பக்கம்