காலி இடத்தில் வைத்த மருந்து

செஞ்சி
3.6.2024

கம்ப்யூட்டர் துரைசாணி ஜெயஸ்ரீக்கு, பெத்த பாவத்துக்கு நைனா தனகோட்டி எழுதறது.

போன் எடுக்க மாட்டேன். எடுத்தா வாயில இன்னா வரும்னு எனக்கே தெரியாது.

உடம்புல இருக்கற புரோட்டீனுக்கு இன்னா உருவம், மருந்து அதுல எங்க ஒட்டுதுன்னு படம் வருமாம். நீ சரி பாத்து இன்டர்நெட்டுல ஏத்துவியாம். ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சேன். போன வாரம் வந்து மெதுவா சொல்ற, ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்க வாத்தியார் நெடுமாறன் அனுப்புன படத்துல மருந்து ஒட்டிக்கினு இருக்கறதா காட்டன எடம் நெசத்துல காலி, தெரிஞ்சே ஏத்திட்டேன்னு.

மார்க்கெட் கமிட்டில முப்பது வருசம் நெல்லு மூட்ட தூக்கனவன்டி நான். காலி சாக்க தச்சி சீட்டு கட்டி அடுக்கனா என் முதுகே சொல்லிடும். உனக்குக் கண்ணு எதுக்கு, மை வைக்கவா? அத்த நம்பி எவனாவது வேல செஞ்சா இன்னா பண்ணுவ?

நைனா


ஐதராபாத்
10.6.2024

அன்புள்ள நைனா,

கத்தாதே, பிரஷர் ஏறும். அப்போதே சாரிடம் கேட்டேன். "என்கிட்ட படிச்சிட்டு எனக்கே பாடமா?" என்றார். இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான்.

நீ கேட்டது நடந்துவிட்டது. மதுரையில் மகாலட்சுமி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி. அந்தப் படத்தை நம்பி இரண்டு வருடம் சோதனை செய்திருக்கிறாள். மருந்து ஒட்டவே இல்லை. தன் கைதான் சரியில்லை என்று படிப்பையே விடப்போகிறாளாம். என்ன தப்பு என்று என்னைக் கேட்டிருக்கிறாள். பதில் எழுதப் பயமாக இருக்கிறது.

ஜெயஸ்ரீ


செஞ்சி
17.6.2024

பயந்தாங்கொள்ளிக்கு,

வாத்தியாருக்கு மால போடு, கால்ல வுழு. பொய்க்கு ஏண்டி காவல் நின்ன? அந்தப் பொண்ணுக்கு எழுதாம எனக்கு எழுதாத. வந்தா போஸ்ட்மேன் பொன்னுசாமி கிட்டயே திருப்பிக் குடுத்துடுவேன். சைக்கிள் காத்தப் புடுங்கனதுக்கு அவனே என் மேல கடுப்புல இருக்கறான்.

தனகோட்டி


ஐதராபாத்
2.7.2024

நைனா,

"உன் கை சரி, படம்தான் தப்பு, தெரிந்தே ஏற்றியது நான்" என்று மகாலட்சுமிக்கு எழுதிவிட்டேன். சார் சம்மதிக்காமல் படத்தை மாற்ற முடியாது. படத்தின் கீழே எச்சரிக்கை போடலாம். என் பெயரிலேயே போட்டேன். பதினைந்தாம் தேதி ஆபீஸில் என்மேல் விசாரணை.

மகாலட்சுமி ஒரே வரிதான் எழுதினாள்: "ரெண்டு வருசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா." அதற்கு என்ன எழுதுவது நைனா?

ஜெயஸ்ரீ


செஞ்சி
8.7.2024

ஜெயஸ்ரீ,

அத்த என்னக் கேக்காத. அது கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல.

பதினாலாந்தேதி சென்னை போயி ராத்திரி ரயில் ஏறறேன். விசாரண அன்னிக்கு வாசல்ல குந்தியிருப்பேன். உன்கூட பேச மாட்டேன். கோவம் தீரல.

நைனா