அணைக்காதே என்று நீ எழுதிய தாள்

என் நைனாவுக்கு,

உன்னைக் கொன்றது உன் கம்பெனி. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். அவர்கள் தங்கள் ரிப்போர்ட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள்: "ஊழியரின் கவனக்குறைவு."

அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "அவுரா?" என்று மட்டும் கேட்டாள். வெளியே கிளம்பும்போது சிலிண்டரை மூன்று முறை தொட்டுப் பார்க்கிற ஆள் நீ.

போன திங்கட்கிழமை உன் சட்டையையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக என்னைக் கூப்பிட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத்தில் நீ பார்த்துக்கொண்ட மீன்குளம் அப்படியே இருக்கிறது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். ஆரஞ்சும் வெள்ளையுமான உன் மீன்கள் ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்தன. நீதான் வந்திருக்கிறாய் என்று நினைத்தனவோ என்னவோ.

எண்ணூரில் இவ்வளவு தெளிந்த தண்ணீரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நம் வீட்டுக் குழாயில் இந்த வாரமும் மஞ்சளாகத்தான் வருகிறது. காயப்போட்ட துணியில் சாம்பல். தம்பிக்குக் கையெல்லாம் அரிப்பு.

குளத்துப் பம்போடு சேர்த்து மாட்டிய கறுப்புக் குழாயைப் பற்றி ஒருநாள் நீ சொல்லித் தந்தாய். "உள்ள ஒரு லைட்டு கீது. யூவி லைட்டு. அத சுத்தி கண்ணாடி. தண்ணி அதாண்ட போச்சுன்னா, கண்ணுக்குத் தெரியாத பாசியெல்லாம் காலி. அதான் கொளம் பச்சையாவ மாட்டுது."

"நம்ம கொயாய்லயும் ஒண்ணு கட்டேன் நைனா" என்றேன்.

"நம்ம கொயாய்ல வர்றதுக்கு லைட்டு பத்தாதும்மா. இடிதான் வுயணும்."

சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

வருகிறவர்களிடம் கம்பெனிக்காரர்கள் அந்தக் குளத்தைக் காட்டி, எங்கள் ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்து விட்டிருக்கிறோம், மீன் வாழ்கிறது பாருங்கள் என்பார்கள். லாரியில் வாங்கி ஊற்றிய தண்ணீர் என்று உனக்குத் தெரியும். ஏன் சும்மா இருக்கிறாய் என்று நான் சண்டை போட்டேன். "மீனு இன்னாம்மா பாவம் பண்ணுச்சி?" என்றாய்.

விளக்குக்கும் பம்புக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். ஒருமுறை கண்ணாடியைத் துடைக்க அதை அணைத்தாய். வெயிலில் மீன்கள் மூச்சுக்கு மேலே வந்து வாயைப் பிளந்தன. அந்த நேரம் பார்த்துப் பெரிய அதிகாரிகள் வந்துவிட்டார்கள். மேனேஜர் உன்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு, உன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, சுவிட்சுக்கு மேலே ஒட்ட உன்னையே எழுதிவரச் சொன்னார்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று தடவை எழுதிப் பழகினாய். எக்காரணம் கொண்டும் அணைக்காதே. எக்காரணம் கொண்டும் அணைக்காதே. மூன்றாவது உனக்குத் திருப்தியாக வந்தது. அப்புறம் வெள்ளைத் தாளில் எழுதி எடுத்துப் போனாய். "ஆபீசு சொவுத்துல நம்ம கையெயுத்துதாம்மா தொங்குது" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாய்.

கடைசி நாள் நடந்ததை, உன்னோடு வேலை பார்க்கும் செல்வம் மாமா டீக்கடையில் வைத்துச் சொன்னார். "காலீல கொயாய் மூடியாண்ட தண்ணி கசிஞ்சுதும்மா. ஆப் பண்ணிட்டு பாக்கட்டான்னு உங்க நைனா கேட்டாரு. கெஸ்ட்டு வந்துகினு கீறாங்க, அணைக்காம பாருன்னாரு மேனேஜரு. முட்டி ஆயம் தண்ணில நின்னுகினு மூடிய இறுக்குனாரு. உள்ள கண்ணாடி கீறல் வுட்டு, தண்ணில கரண்டு எறங்குனது யாருக்குத் தெரியும்?"

"இத ஆபீசுல வந்து சொல்றியா மாமா?"

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணு கீதும்மா" என்றார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. உனக்கும் நாங்கள் இரண்டு பிள்ளைகள் இருந்தோம்.

சுவிட்சுக்கு மேலே இப்போது தாள் இல்லை. சுவரில் நான்கு மூலையில் செலோடேப் உரித்த தடம். மேனேஜரிடம் கேட்டேன். "எந்தப் பேப்பர்?" என்றார். அந்தக் காலண்டர் தாளை எடுத்துக் காட்டினேன். "இது உங்க வீட்டு காலண்டர்மா. எங்க ஆபீசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். வெளியே தோட்டத்தில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. உன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கிய அன்று எத்தனை மணி நேரம் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள், தெரியுமா நைனா? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. மீன் செத்தால் சாகட்டும் என்று ஒரே ஒரு தடவை அணைத்திருக்கக் கூடாதா? நீ எழுதினதுதானே, நீயே கிழித்துப் போட்டிருக்கக் கூடாதா?

வரும் திங்கட்கிழமையும் போவேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போவேன். உன் பேருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையை விட்டுவைக்க மாட்டேன். கேட்டில் நான் கொடுத்த மனுவில் இரண்டே வரிதான். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடக்கூட ஒருவரும் வரவில்லை. இங்கேயும் எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்:

என் அப்பா எழுதிய தாளைத் திருப்பிக் கொடுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கிற "கவனக்குறைவு" யாருடையது என்று எழுதுங்கள்.

உன் கையெழுத்தைத் திருப்பி வாங்காமல் விடாத
மகள்