கம்பெனி மேல் கட்டிய பிராது

விருத்தாசலம்
புரட்டாசி, ஞாயிறு மதியம்

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, மற்றபடி கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் காகிதமும் பேனாவும் என்று சிரிப்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது? அதனால்தான் முறுக்கு டப்பாவுக்கு அடியில் இதை மடித்து வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் உன் சிநேகிதர்களும் எழுதி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறீர்களே, விதைக்கிற மிஷினுக்கான சாஃப்ட்வேர், அதற்கு ஒரு டிராக்டர் கம்பெனி ஸ்பான்சர் பண்ண வருகிறது, வேப்பூர்க்காரர்கள் சரி சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நீ சொன்னாய் அல்லவா, அன்று போனை வைத்ததிலிருந்து உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "கம்பெனிக்காரன் சும்மா குடுப்பானா? இன்னிக்குக் காசக் குடுப்பான், நாளைக்கு எல்லாத்தையும் பூட்டிட்டு சாவிய சட்டப்பையில போட்டுக்கினு போயிடுவான்" என்று ஒரே புலம்பல். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம் தனக்கோடியின் அறுப்பு மிஷின் சேத்தியாத்தோப்பில் வாடகைக்குப் போன இடத்தில் நின்றுபோனதே, அது வேறு கம்பெனி மிஷின்தான், ஆனாலும் உள்ளே கம்பெனி போட்டிருந்த சாஃப்ட்வேர் பூட்டைத் திறக்கச் சென்னையிலிருந்து ஆள் லேப்டாப்போடு வரவேண்டும் என்று காக்க வைத்து, ஆள் வருவதற்குள் மழை வந்து கதிரெல்லாம் வயலிலேயே முளைத்துவிட்டது. அந்தக் கோபத்தில்தானே நீ இதை ஆரம்பித்தாய். இன்று வேப்பூரில் மக்காச்சோளம் போடுகிற பாதிப் பேர் மிஷினில் உன் சாஃப்ட்வேர் ஓடுகிற பெட்டி இருக்கிறது. விதை இறங்குகிற குழாய் அடைத்தால் போனிலிருந்து, நீ பதிவு பண்ணி வைத்த தனக்கோடியின் குரல் "நிறுத்துங்க, குழா அடச்சிக்கிச்சி" என்று கத்துகிறது. கெட்டுப்போனால் ஜாபர் அலி பாய் தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே சரி பண்ணிக் கொடுத்துவிடுகிறார். இவர்கள் மனம் விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று நீ கவலைப்பட்டது நியாயம்தான், எனக்கும் அதே கவலை இருந்தது.

உன் அப்பா கவலைப்பட்டதோடு நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு யூரியா வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். யூரியா வாங்க யாராவது இஸ்திரிச் சட்டை போடுவார்களா? சாயங்காலம் வரைக்கும்தான் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது. மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் அந்தக் கம்பெனி மேலேயே சாமியிடம் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார்! ஆடு காணோம், வரப்புத் தகராறு என்று ஜனங்கள் கட்டுவார்கள், டிராக்டர் கம்பெனி மேல் கட்டிய ஆள் இவராகத்தான் இருக்கும். விலாசம் தெரியாமல் ஜாபர் அலி பாயிடம் போன் போட்டுக் கேட்டாராம். எதற்கென்று பாய் கேட்டதற்கு, "வெலாசம் சரியா இருந்தாதான் சாமி விசாரிக்க முடியும்" என்றாராம். கம்பெனி என்ன சொல்ல வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னாலேயே கேஸ் போட்ட மனுஷனை என்ன சொல்வது.

போன ஞாயிற்றுக்கிழமை வேப்பூரில் தனக்கோடி வீட்டு மிஷின் கொட்டகையில் கூட்டம். கம்பெனியிலிருந்து கனிமொழி என்று ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். வருகிற வழியில் ஹைவேயில் அவள் கார் புகை கக்கி நின்றுவிட்டது என்று போன் வந்ததும் உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வெளிறிப்போய்விட்டது. "ஐயோ பானு, சாமி அந்தப் பொண்ண புடிச்சிட்டாரு, நான் கம்பெனி மேலதானே கட்டுனேன்" என்று என் காதில் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்து, பின்னால் உட்கார வைத்து, கண்ணாடிப் பாத்திரம் ஏற்றிய மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூட்டம் முடியும்வரை "சாப்டியாம்மா, வெயில்ல தல வலிக்குதா" என்று கேட்டபடியே இருந்தார். காரணம் தெரியாமல் அந்தப் பெண், "எங்க ஆபீஸ்ல கூட யாரும் இவ்ளோ நல்லா பாத்துக்க மாட்டாங்க சார்" என்றாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முதலில் எல்லோரும் விறைப்பாகத்தான் இருந்தார்கள். எனக்கு சாஃப்ட்வேர் புரியாது, ஆனால் எங்கள் யூனிட்டில் பீங்கான் கப் வார்க்கிற வேலை புரியும். டீத்தூள் கம்பெனிக்காரர்கள் கேட்டால் கப்பில் அவர்கள் பெயரைப் போட்டுத் தருவோம், அச்சைக் கேட்டால் தரமாட்டோம், அச்சு போனால் நாளைக்கு நாம் கப் வார்க்க முடியாது. அதை வைத்து நான் அவளிடம், "பேரு போட்டுக்கங்கம்மா, அச்சு யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டேன். அவள் தயங்காமல் சொன்னாள். அச்சு, அதாவது நீங்கள் எழுதிய சாஃப்ட்வேர், இப்போது போலவே எல்லோரிடமும் இருக்குமாம், கம்பெனி இஞ்சினியர்கள் புதிதாக எழுதுவதும் அதே பொதுவில்தான் சேருமாம், நாளைக்குக் கம்பெனி காசை நிறுத்தினாலும் இருப்பதை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாதாம். கம்பெனிக்கு என்ன லாபம் என்று ஜாபர் அலி பாய் கேட்டார். திறக்கும்போது திரையில் அவர்கள் பெயர் வரும், அவர்கள் டிராக்டரிலும் இது ஓடும், ஆனால் அடுத்த கம்பெனி டிராக்டரில் ஓடுவதையும் தடுக்க முடியாது என்றாள். எல்லாம் முடிந்தபிறகு தனக்கோடி எழுந்து, "அதெல்லாம் செரி, எங் கொரல எடுக்கக் கூடாது" என்றார். கொட்டகையே சிரித்தது. அவள் அதையும் குறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. ஆகவே வேப்பூர் சரி சொல்லிவிட்டது, நீ தைரியமாகக் கையெழுத்துப் போடு. ஆனாலும் அவள் வாயால் சொன்னதெல்லாம் பத்திரத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி.

எனக்கு இதில் பெரிய சந்தோஷம் வேறு. சம்பளத்துக்கு இரண்டு பேர் போட்டு இதைப் பார்த்துக்கொள்வார்களாம். ஆபீஸ் வேலையும் பார்த்து, வந்து இதையும் பார்த்து, உன் கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்க் கிடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. இனிமேலாவது தூங்கு. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதைப் போனில் சொல்ல வரவில்லை, இங்கே சொல்லிவிட்டேன். யூனிட்டில் கார்த்திகை விளக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிறது. பார்சலில் ஒரு கப் வைத்திருக்கிறேன், யார் பெயரும் போடாமல் உனக்கென்று நானே வார்த்தது, காபிக்கு வைத்துக்கொள். முறுக்கு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது என் நல்ல டப்பா.

கடைசியாக அந்தப் பிராது. காரியம் நல்லபடியாக முடிந்ததே, போய் வாபஸ் வாங்குங்கள் என்றேன். "நான் எப்டி வாங்குறது? கேஸு நம்ம பூர்ணிமாவோடது. அவ வந்து நின்னாதான் சாமி விடுவாரு" என்கிறார். நேற்று நான் கோயிலுக்குப் போய் விசாரித்துவிட்டேன். அப்படி ஒன்றும் கிடையாது, கட்டியவரே வந்து வாங்கிக்கொள்ளலாமாம். உன் அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. நீயும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. நீ வந்து மூன்று வருஷம் ஆகிறது, வாயைத் திறந்து வா என்று கூப்பிட அவருக்குத் தெரியவில்லை, சாமியைச் சாக்கு வைக்கிறார். தைக்கு டிக்கெட் போட்டுவிட்டு, வாபஸ் வாங்க வருகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல். டப்பாவையும் கையோடு கொண்டு வா.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா,
பானுமதி சக்கரபாணி