உட்கார்ந்து ஓட்டும் மிஷின்

மச்சான்,

உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதி வை என்று உன் தங்கச்சி சொன்னாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும், உனக்குத் தங்கச்சி என்பதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. இன்றைக்கு நீ போய் மூன்றாம் வருஷம். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படையல் போட விடிந்ததுமே அடுப்பு மூட்டிவிட்டாள். உன் படத்துக்கு முன்னால் கைகட்டி நிற்க என்னால் ஆகாது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன இடத்திலும் நீ விடவில்லை. பெரம்பலூரில் மெயின் ரோட்டோரம் ஒரு காலேஜ் இருக்கிறது. அதன் வாசலை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். குப்பென்று ஒரு வாடை வந்தது, வெட்டின பச்சைப் புல்லும் பெட்ரோலும் கலந்த வாடை. திரும்பிப் பார்த்தால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் புல்வெட்டு மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து ஓட்டுகிற மிஷின். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதுகை நன்றாகச் சாய்த்து, எதையோ மென்றபடி ஜம்மென்று போனான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மாதிரி ஒரு இருக்கையில் நானும் நான்கு நாள் உட்கார்ந்தவன். அதிலிருந்து என்னை இறக்கிவிட்டவன் நீ.

அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலை வந்த புதிது, எண்பதுகளின் தொடக்கம். ஆலையின் கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் நாம் இரண்டு பேரும் தினக்கூலி. சுண்ணாம்புத் தூசி பறக்கிற இடத்தில் அவ்வளவு பெரிய புல்வெளி யாருக்கு என்று நாம் கேட்டதில்லை. அப்போது இருந்தது கைமிஷின்தான். முன்னால் நீ கயிறு போட்டு இழுப்பாய், பின்னால் நான் தள்ளுவேன். சினிமாக் கதை பேசிக்கொண்டே ஒரு பக்கத்தை முடித்துவிடுவோம். அது நன்றாகத்தான் இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு பாத்திக்கு ஓரக்கல் பதிக்கும்போது ஒரு பலகைக்கல் நழுவி என் வலது பாதத்தில் விழுந்தது. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. காலையில் நடப்பேன். வெயில் ஏறினால் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. தினமும் துணியை அவிழ்த்து எண்ணெய் தடவித் திரும்பக் கட்டிவிட்டது நீதான். ஆகவே எனக்குத் தெரியாது என்று நீ எங்கே போயும் சொல்ல முடியாது.

அந்த வருஷம்தான் மிஷின் வாங்கும் பேச்சு வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி ஆள் இரண்டு மிஷின்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டியது. இன்னொன்று, உட்கார்ந்து ஓட்டுவது. நான்கு நாள் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், ஐந்தாம் நாள் ஆலை மேனேஜர் பெரிய ஐயா வந்து பார்த்து ஒன்றை எடுப்பார் என்றார்கள். ஒரு மிஷின், அதற்கு ஒரு ஆள். செடி, வேலி, தண்ணீர் பாய்ச்சல் என்று எது வந்தாலும் செய்ய உனக்கு இரண்டு காலும் இருந்தன. எனக்கு இருந்தது அந்த இருக்கை ஒன்றுதான். உட்கார்ந்து ஓட்டுவதை எடுத்தால் எனக்கு வேலை உண்டு. நடப்பதை எடுத்தால் கிடையாது. இதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் நீ வாதாடினாய். சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துவைத்துக்கொண்டு வாதாடினாய்.

"மாப்ளே, அது மரத்துக்கிட்ட திரும்பாது. ஓரம் பூரா அப்பிடியே நிக்கும். அப்பறம் அருவாள எடுத்துக்கிட்டு நாமதான் குந்தணும்."

"நடுவுல கெடக்குற அம்புட்டையும் ரெண்டு மணி நேரத்துல முடிச்சிரும். தள்ளுனா ரெண்டு நாளு" என்றேன்.

"இது கரிசமண்ணு. தண்ணி வுட்ட மறுநா அந்த எடைய ஏத்துனா சக்கரத் தடம் அப்பிடியே பதிஞ்சிரும்."

"காஞ்சப்பறம் ஏத்துனாப் போச்சு."

நீ சொன்னதில் பொய் இல்லை. அந்த மிஷின் ஓரத்துக்கு ஆகாது, ஈர மண்ணுக்கு ஆகாது. நான் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் உன்னைக் குடைந்தது தடமும் இல்லை, ஓரமும் இல்லை. மூன்றாம் நாள் கையைக் கழுவிக்கொண்டே அதை வெளியே விட்டாய்.

"எல்லாஞ் சரி மாப்ளே. ஐயா நின்னுக்கிட்டு இருக்கயில நாம எப்பிடி உக்காந்து போறது?"

நான் சிரித்தேன். உன்னைத் தெரிந்தவன் சிரித்திருக்கக் கூடாது.

கல்லங்குறிச்சிப் பக்கம் நம் ஊரில் பண்ணை வீட்டுத் தெரு ஒன்று இருந்ததே. நம் அப்பன்மார் காலத்தில் அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிளில் இருப்பவன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நம் காலத்தில் அப்படி யாரும் கேட்கவில்லை. பண்ணைக்காரர் குடும்பம் திருச்சியோடு போய்விட்டது, கதவில் பூட்டுத் தொங்கியது. என்னைப் பின்னால் வைத்து மிதித்து வருகிற நீ, அந்த முக்கு வந்ததும் இறங்கிவிடுவாய். என்னையும் இறங்கச் சொல்வாய். "பூட்டிக் கெடக்குற வூட்டுக்கு எதுக்கு எறங்குற?" என்று ஒருமுறை கேட்டேன். "பூட்டு இருந்தா என்ன, வூடு இருக்குல்ல" என்றாய். எனக்கு அன்றைக்கே உன்மேல் கடுப்பு வந்தது. ஆனாலும் நானும் இறங்கினேன் பார், அதை என்ன சொல்ல?

ஐந்தாம் நாள் காலை நான் மிஷின்மேல் இருந்தேன். நன்றாகவே பழகியிருந்தேன். அது அந்தக் காலத்து மிஷின், ஆள் இல்லாவிட்டாலும் ஓடும். கம்பெனி ஆள் தினமும் ஒரே பாடம் படிப்பார்: "எறங்கணும்னா மொதல்ல கிளட்ச்ச மிதிங்க, கியர எடுங்க. அப்புறந்தான் சீட்ட வுட்டு எழுந்திரிக்கணும்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என் வரிசைகள் நூல் பிடித்தது போல விழுந்துகொண்டிருந்தன. கால் வலி துளிகூட இல்லை. இந்த வேலையில் கிழவனாகும்வரை இருந்துவிடலாம் என்று மனதுக்குள் வீடுகூடக் கட்டிவிட்டேன்.

அப்போது பெரிய ஐயா கெஸ்ட் ஹவுஸ் படி இறங்கி வந்தார். நீ உன் மிஷினை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாய். நான் உன்னை ஒட்டித்தான் திரும்பிக்கொண்டிருந்தேன்.

"எறங்கு மாப்ளே. ஐயா வராரு."

அதட்டவில்லை நீ. சோறு போட்டுக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னாய். கிளட்ச்சும் மறந்தது, கியரும் மறந்தது. இறங்கிவிட்டேன். கெட்ட காலை முதலில் ஊன்றினேன், அது மடங்கி அப்படியே விழுந்தேன். மிஷின் நிற்கவில்லை. ஆளில்லாமல் தன்பாட்டுக்குப் போய், கல்வாழைப் பாத்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அரைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் முட்டி உறுமிக்கொண்டு நின்றது. கம்பெனி ஆள் ஓடிப்போய் அணைத்தார்.

பெரிய ஐயா கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"நல்லாத்தானப்பா ஓட்டிக்கிட்டு இருந்த. யாரு உன்ன எறங்கச் சொன்னது?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

"நானாத்தான் எறங்குனேங்க" என்றேன்.

நீ வாய் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? நான் எழுந்து, மண்ணைத் தட்டி, செருப்பைத் தேடி மாட்டுகிற அளவுக்கு நேரம் இருந்தது. நீ திறக்கவில்லை. அவர் உன் மிஷினைக் காட்டி, "இது கைய விட்டா நின்னுடுமா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் வாய் வந்தது உனக்கு. "நின்னுடுங்க" என்றாய். அதையே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்தேன். மற்றவன் சைக்கிளுக்குக் காவல். உனக்கு அங்கே வேலை நிரந்தரமாயிற்று. தீபாவளி பொங்கலுக்குத் தங்கச்சியைப் பார்க்க முறுக்கும் வாழைப்பழமுமாக வருவாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், நீ பாட்டுக்குப் பேசுவாய். ஒரு பொங்கலுக்குப் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"வேணும்னுதான எறங்கச் சொன்ன?"

நீ பதறிப்போய் என்னைப் பார்த்தாய். "எந்தங்கச்சி கண்ணு கலங்க நான் பாத்துக்கிட்டு இருப்பனா மாப்ளே? ஐயா வராருன்னா எறங்கணும். இதுல வேணும்னு என்ன, வேணாம்னு என்ன?"

அதுதான் என்னைக் கொன்றது. என் வேலையைப் பறிக்க நீ திட்டம் போட்டுச் சொல்லியிருந்தால் உன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டு, அத்தோடு கணக்கு முடித்திருப்பேன். துரோகியை வெறுப்பது சுலபம். நீ என்மேல் பிரியமாகத்தான் இருந்தாய். அந்தப் பிரியத்தோடுதான் என் பிழைப்பைக் கெடுத்தாய். கடைசிவரை உனக்கு அது புரியவே இல்லை.

நீ ரிட்டயர் ஆகும்வரை அந்த மிஷின் பின்னால் நடந்தாய். அதன் அதிர்வில் உன் கை நடுக்கம் பிடித்து, டீ கிளாஸ் பிடித்தால் பாதி தரையில் சிந்தும். உன் தங்கச்சி அதைப் பார்த்து அழுவாள். நன்றாக வேண்டும் என்று நான் நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். நீ செத்த அன்றைக்கு வந்தேன், தோள் கொடுக்கவில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டேன். அது பாதிதான் உண்மை.

இன்றைக்குக் காலேஜில் நடந்ததையும் கேட்டுவிடு. அந்த ஆள் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே காலேஜ் தாளாளர் புல்வெளிக்குள் நடந்து வந்தார். நொண்டிக்கொண்டே வேலியோரம் போனேன். இறங்கப் போகிறான், இறங்கப் போகிறான் என்று கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டேன். அவன் இறங்கவில்லை. ஒரு கையைத் தூக்கி, "குட் மார்னிங் சார்" என்றான். அவரும் கையைத் தூக்கிவிட்டு, மிஷின் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவன் பாட்டுக்குத் திரும்பி அடுத்த வரிசைக்குப் போனான். எந்தப் பாத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை, வானமும் இடிந்து விழவில்லை. உன்னை இழுத்து வந்து அந்த வேலியில் முகத்தை அழுத்திப் பார்க்கவைக்க வேண்டும் போல இருந்தது.

கால் வலி தாங்காமல் திரும்ப வந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாளாளர் போனில் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டி, ரோட்டோரம் நின்ற தன் காருக்காக நான் இருந்த பக்கம் வந்தார். அவர் பேர் என்ன, ஊர் என்ன, எனக்கு என்ன தெரியும்? அவருக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது.

நான் எழுந்து நின்றேன், மச்சான். அதே வலது காலை ஊன்றி, துண்டைக்கூட எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கார் கிளம்பிப் போன பிறகும் வெகுநேரம் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தேன்.